நிலநடுக்கப் பிளவு மாதிரி சொன்னபடி ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடும் வழி

வேகத்தையும் நிலையையும் சார்ந்த உராய்வு விதியை வைத்து, நிலநடுக்கச் சுழற்சியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. விதி சின்னதுதான். உராய்வுக் கெழு மூன்று துண்டுகளின் கூட்டுத்தொகை: ஓர் அடிப்படை மதிப்பு (பெரும்பாலும் 0.6), ‘ஏ’ என்ற எண்ணை நழுவல் வேகத்தின் மடக்கையால் பெருக்கிய துண்டு, ‘பி’ என்ற எண்ணை நிலை மாறியின் மடக்கையால் பெருக்கிய துண்டு. இரு பாறை முகங்களும் எவ்வளவு நேரம் ஒட்டிக் கிடந்தன என்பதன் கணக்குதான் நிலை மாறி. அந்தக் கணக்கு புதுப்பிக்கப்பட எவ்வளவு தூரம் நழுவ வேண்டுமோ, அதைக் கீழே குணநீளம் என்று எழுதுகிறேன். ஏ-யை விடப் பி பெரிதாக இருந்தால், வேகம் கூடும்போது உராய்வு குறையும்; அது தளர்வுப் பகுதி, நிலநடுக்கம் பிறக்கும் இடம். பி சிறிதாக இருந்தால் இறுக்கப் பகுதி, அங்கே பிளவு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்.

விதி சின்னதாக இருப்பதே சிக்கல். கோட் எழுதுவது சுலபம், தப்பான விடை வருவதும் சுலபம். அந்தத் தப்பான விடை பல நேரம் இயற்கையைப் போலவே தோற்றம் தரும்.

எதைத் தொடும் முன்பும் போட வேண்டிய கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, வெவ்வேறு குழுக்களின் கோட்களை ஒப்பிடுவதற்காக உருவான சீஸ் திட்டத்தின் முதல் கணக்கான பிபி1-இன் எண்களையே எடுத்துக்கொள்வோம். செங்குத்துத் தகைவு, அதாவது பிளவின் இரு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்தும் தகைவு, 50 மெகாபாஸ்கல்; கீழே வரும் வாய்ப்பாடுகளில் ‘தகைவு’ என்பது இதுதான். ஏ 0.010, பி 0.015, குணநீளம் 8 மி.மீ. பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2670 கிலோ, குறுக்கலை வேகம் நொடிக்கு 3.464 கி.மீ.; இந்த இரண்டிலிருந்தும் விறைப்புக் குணகம் 32 கிகாபாஸ்கல் என்று வருகிறது. தட்டு நகரும் வேகம் நொடிக்கு ஒரு நானோமீட்டர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 32 மி.மீ. பிளவு மொத்தம் 40 கி.மீ.; அதில் மேல் 15 கி.மீ. தளர்வுப் பகுதி.

இதை வைத்துத் தாளிலேயே ஐந்து எண்களைப் போட்டுவிடலாம்.

எல்லை விறைப்பு: பிளவைத் தள்ளும் சுற்றுப்பாறையின் விறைப்பு இதற்குக் கீழே இருந்தால் நழுவல் நிலைகுலையும். தகைவு × (பி − ஏ) ÷ குணநீளம் = மீட்டருக்கு 31 மெகாபாஸ்கல்.

கருநீளம்: பிளவின் எவ்வளவு பகுதி ஒன்றாகத் தளர்ந்தால் நழுவல் தானாக வேகமெடுக்கும் என்பதன் அளவு. (2/பை) × விறைப்புக் குணகம் × பி × குணநீளம் ÷ [(பி − ஏ)-இன் வர்க்கம் × தகைவு]. இங்கே சுமார் 2 கி.மீ.

முறிவு முனையின் அகலம்: ஓடும் முறிவின் நுனியில் உராய்வு சரியும் பட்டை. விறைப்புக் குணகம் × குணநீளம் ÷ (பி × தகைவு) = 342 மீட்டர். வடிவத்தைப் பொறுத்த ஓர் எண்ணால் இதைப் பெருக்க வேண்டும், அது ஒன்றை ஒட்டியே இருக்கும். 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தகைவு வீழ்ச்சி: தகைவு × (பி − ஏ) × இயல் மடக்கை(நிலநடுக்க வேகம் ÷ தட்டு வேகம்). வேகம் நூறு கோடி மடங்கு ஏறுகிறது, மடக்கை 20.7. விடை 5 மெகாபாஸ்கல் சொச்சம்.

அலைவழித் தணிப்பு: அலைகள் ஆற்றலைக் கொண்டுபோவதால் நழுவலுக்கு வரும் தடை. விறைப்புக் குணகம் ÷ (2 × குறுக்கலை வேகம்). நொடிக்கு ஒரு மீட்டர் நழுவலுக்கு 4.6 மெகாபாஸ்கல்.

இந்த ஐந்தையும் கோடின் தொடக்கத்திலேயே அச்சிட வைத்துவிடுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த எண்களைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: நிலநடுக்கமே வரவில்லை, பிளவு ஊர்ந்துகொண்டே இருக்கிறது

முதலில் ஏ, பி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் ‘ஏ − பி’ என்று அட்டவணை தருவார்கள், சிலர் ‘பி − ஏ’. குறி ஒருமுறை புரண்டால் தளர்வுப் பகுதி முழுக்க இறுக்கப் பகுதியாகிவிடும்.

அது சரியாக இருந்தால் கருநீளத்தையும் தளர்வுப் பகுதியின் அகலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் குணநீளத்தை 8 மி.மீ.-க்குப் பதில் 80 மி.மீ. என்று போட்டால் கருநீளம் கிட்டத்தட்ட 20 கி.மீ. ஆகும். தளர்வுப் பகுதியோ 15 கி.மீ. கரு வளரவே இடமில்லை. எத்தனை ஆயிரம் ஆண்டு ஓட்டினாலும் நிலநடுக்கம் வராது. சென்டிமீட்டருக்கும் மில்லிமீட்டருக்கும் நடுவே நடக்கும் இந்தக் குழப்பம் நினைப்பதை விட அதிகம். தகைவு மெகாபாஸ்கலில் இருக்க, விறைப்புக் குணகம் பாஸ்கலில் இருப்பதும் இதே வகை.

மூன்றாவது, தொடக்க நிலை. எல்லா இடத்திலும் தட்டு வேகம், எல்லா இடத்திலும் சமநிலை என்று சீரான பண்புகளோடு தொடங்கினால், கணிதப்படி அந்த நிலையும் ஒரு தீர்வுதான். சின்னதாக எங்கேயாவது ஓர் இடத்தில் சறுக்குத் தகைவை (பிளவை நழுவத் தள்ளும் தகைவை) ஏற்றிக் கொடுங்கள்.

அப்புறம், போதுமான காலம் ஓட்டினீர்களா? மூன்று மீட்டர் நழுவ வேண்டிய பிளவு ஆண்டுக்கு 32 மி.மீ. சேர்த்தால் ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகும். ஐம்பது ஆண்டு ஓட்டிவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று கேட்கக் கூடாது.

அறிகுறி: டைம் ஸ்டெப் சுருங்கிக்கொண்டே போய் ஓட்டம் நின்றுவிடுகிறது

டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒரு தாவலில் கடக்கும் நேரம், சுருங்குவது தப்பில்லை. எதுவரை என்பதுதான் கேள்வி. குணநீளத்தை வேகத்தால் வகுத்தால் அந்த நேரத்துக்கான இயல்பான கால அளவு கிடைக்கும். தட்டு வேகத்தில் அது சுமார் 93 நாள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 8 மில்லிநொடி. ஆக, நாள் கணக்கிலிருந்து மில்லிநொடி வரை இறங்கி, பிறகு மேலே ஏறுவது ஆரோக்கியமான ஓட்டம். மைக்ரோநொடிக்கு இறங்கினால், எங்கேயோ ஒரு கட்டம் (கணக்குக்காகப் பிளவை நறுக்கிய துண்டுகளில் ஒன்று) நொடிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் நழுவுகிறது என்று பொருள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அலைவழித் தணிப்பைச் சேர்க்கவில்லை. மந்த விசையை விட்டுவிட்டு, வெறும் நிலைச் சமன்பாட்டை மட்டும் தீர்க்கும்போது வேகத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அது முடிவிலியை நோக்கி ஓடும். நழுவலின் ஆற்றலில் ஒரு பங்கை அலைகள் கொண்டுபோவதை ‘தணிப்பு × வேகம்’ என்ற ஒரே உறுப்பில் ஆய்வாளர் ரைஸ் 1993-இல் அடக்கிக் காட்டினார். அதைப் போட்டதும் 5 மெகாபாஸ்கல் வீழ்ச்சிக்கு வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நின்றுகொள்ளும். சேர்த்திருந்தும் வேகம் எகிறினால், உறுப்பின் குறியையும் அதன் வகுத்தியில் வரும் 2 என்ற எண்ணையும் சரிபாருங்கள்.

ஓட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று தணிப்பைப் பத்து மடங்கு கூட்டும் பழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகம் பத்தில் ஒன்றாகக் குறையும், முறிவின் ஓட்டமும் மாறும், படத்தில் மட்டும் எல்லாம் அமைதியாக இருக்கும். இன்னொன்று: தணிப்பு உறுப்பு உண்மையான அலைகளுக்கு ஈடல்ல. முறிவு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அலையை முந்துகிறதா என்பதையெல்லாம் இந்த மாதிரியிடம் கேட்டால் அது தரும் விடையை நம்ப முடியாது. அதற்கு முழு இயங்கியல் கோட் வேண்டும்.

அறிகுறி: எண் அல்லாத விடை, அல்லது முடிவிலி

மடக்கைக்குள் சுழியம் போயிருக்கும். வேகம் சுழியமாகும் இடத்தில் மூல வடிவம் உடையும். அதனால்தான் தலைகீழ் அதிபரவளைய சைன் சார்பில் எழுதிய சீராக்கிய வடிவத்தை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதில் வேகம் சுழியம் என்றால் உராய்வும் சுழியம். குறி மாறினாலும் தொல்லையில்லை.

அந்த வடிவத்துக்கும் ஒரு பொறி உண்டு. அதன் உள்ளே நிலைத் துண்டை ஏ-யால் வகுத்து, அதை இ-யின் அடுக்காக ஏற்றுகிறோம். நூறாண்டு ஒட்டிக் கிடந்த பிளவில் நிலைத் துண்டு 0.79 அளவில் இருக்கும். ஏ 0.010 என்றால் அடுக்கு 79. ஏ-யை 0.008 ஆக்கினால் 99. ஒற்றைத் துல்லிய எண்கள் 88-ஐத் தாண்டினால் வழிந்துவிடும். ஆக, கிராஃபிக்ஸ் கார்டில் வேகமாக ஓடட்டும் என்று ஒற்றைத் துல்லியத்துக்கு மாறிய கோட், ஒரு தொகுப்பு எண்களுக்கு ஓடி, அடுத்த தொகுப்பில் காரணம் சொல்லாமல் சாகும். இரட்டைத் துல்லியத்தில் எல்லை 709, பயமில்லை.

வேகத்தைக் கண்டுபிடிக்க நியூட்டன் முறையை (விடையை ஊகித்து, சாய்வைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் முறையை) அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு தப்பான தாவல் போதும், அடுக்கு வழியும். விடை எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும்: சுழியத்துக்கும் ‘சறுக்குத் தகைவு ÷ தணிப்பு’ என்ற வேகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு தீர்வுதான் உண்டு. கீழ் எல்லையில் சமன்பாட்டின் மீதி நேர்க்குறி, மேல் எல்லையில் எதிர்க்குறி. நியூட்டன் இந்த வேலியைத் தாண்டினால் பாதியாகப் பிரிக்கும் முறைக்கு மாறும்படி எழுதிவிட்டால் இந்த அறிகுறியை மறந்துவிடலாம். தரைமட்டத்தில் தகைவு சுழியமாகும்படி வைத்திருந்தால், அங்கே ஒரு சிறு குறைந்தபட்ச மதிப்பு கொடுங்கள்.

அறிகுறி: சின்னதும் பெரிதுமாக நிறைய நிலநடுக்கங்கள், பார்க்க நிஜம் போலவே

இதுதான் ஏமாற்றுவதில் முதலிடம். மற்ற அறிகுறிகள் எல்லாம் ‘நான் தப்பு’ என்று சொல்லிக்கொண்டு வரும். இது ‘நான் கண்டுபிடிப்பு’ என்று சொல்லிக்கொண்டு வரும். சீரான பண்புகள் கொண்ட பிளவிலிருந்து ஒழுங்கற்ற தொடர், அளவுப் பரவல், ஓரிரு கட்டத்தில் தோன்றி மறையும் குட்டி நிகழ்வுகள் என்று எல்லாம் கிடைக்கும். ரைஸ் அதே 1993-இல் காட்டியது இதைத்தான்: கட்டத்தின் அளவு கருநீளத்தை விடப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு கட்டமும் தனியாக உடையும், அதிலிருந்து சிக்கலான நிகழ்வுத் தொடர் பிறக்கும், கட்டத்தைச் சிறிதாக்கியதும் அந்தச் சிக்கல் கலைந்து, சீரான பெரிய நிகழ்வுகள் வரும்.

ஆனால் கருநீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. 500 மீட்டர் கட்டம் போட்ட ஒருவர், ‘கருநீளம் 2 கி.மீ., அதற்குள் நாலு கட்டம் இருக்கிறதே’ என்று நினைத்துக்கொள்வார். முறிவு முனையோ 300 மீட்டர்தான். ஒரு கட்டம்கூட அதற்குள் முழுதாக விழவில்லை. கரு சரியாகப் பிறக்கும், ஓடத் தொடங்கியதும் முனை கட்டத்துக்குக் கட்டம் தட்டித் தட்டித் தாவும், நடுவில் காரணமில்லாமல் நிற்கும். முனைக்குள் குறைந்தது மூன்று கட்டம் வேண்டும். நான் ஆறுக்குக் குறைத்து நம்புவதில்லை. இந்தக் கணக்குக்கு அது 50 மீட்டர்.

எந்தக் கட்டம் போதும் என்பதற்கு ஒரே சோதனை, பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. நிகழ்வுகளின் எண்ணிக்கை, இடைவெளி, நழுவல் எல்லாம் நகராமல் நின்றால் சரி. குட்டி நிகழ்வுகள் மட்டும் காணாமல் போனால் அவை கட்டத்தின் பிள்ளைகள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. தகைவு ஆழத்தோடு கூடினால், முனையின் அகலம் ஆழத்தில்தான் மிகக் குறைவு. அங்கே வைத்துக் கணக்குப் போடுங்கள், சராசரியில் அல்ல. அடுத்தது, நிலை மாறியைப் புதுப்பிக்க இரண்டு விதிகள் உண்டு; நழுவாமல் கிடந்தாலும் நிலை மாறி வளரும் என்னும் டீட்டரிக்கின் மூப்பு விதியிலிருந்து, நழுவினால்தான் மாறும் என்னும் ரூய்னாவின் நழுவல் விதிக்கு மாறினால் முனை இன்னும் கூர்மையாகும், கருவும் இருபுறம் விரியாமல் ஒரு பக்கமாக ஓடும் துடிப்பாகச் சுருங்கும். மூப்பு விதிக்குப் போதுமாக இருந்த கட்டம் இதற்குப் போதாது.

ஆய்வகத்தில் குணநீளம் மைக்ரான் கணக்கில்தான் வருகிறது. 10 மைக்ரான் என்று நேர்மையாகப் போட்டால் முறிவு முனை அரை மீட்டருக்கும் குறைவு, 40 கி.மீ. பிளவை அந்தக் கட்டத்தில் நறுக்க முடியாது. மாதிரிகளில் மில்லிமீட்டர் போடுவது கணினிக்காகச் செய்துகொள்ளும் சமரசம். அதைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது.

அறிகுறி: தகைவு வீழ்ச்சி மிகப் பெரிதாக வருகிறது

நுண்துளை நீரழுத்தத்தைக் கழித்தீர்களா? 15 கி.மீ. ஆழத்தில் பாறையின் எடை மட்டும் 390 மெகாபாஸ்கல். நீரழுத்தத்தைக் கழித்தால் 245. இரண்டுமே பெரிதுதான்: 245-ஐ வைத்தாலும் வீழ்ச்சி 25 மெகாபாஸ்கல் ஆகிறது. இயற்கையில் பெரும்பாலான நிலநடுக்கங்களுக்கு 1 முதல் 10 வரைதான் கணக்கிடுகிறார்கள். நீரழுத்தம் ஆழத்தோடு பாறையின் எடைக்கு இணையாக ஏறுகிறது என்று கொண்டு, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே பயனுறு தகைவை 50 மெகாபாஸ்கல் போன்ற மாறிலியில் நிறுத்துவது வழக்கம். சரி, அப்படிச் செய்தால் கருநீளமும் ஐந்து மடங்கு நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: முறிவு எப்போதும் ஓரத்திலிருந்தே தொடங்குகிறது, அல்லது தகைவு தானாக ஏறிக்கொண்டே போகிறது

தகைவைக் கணக்கிட வேகமான ஃபூரியே உருமாற்றம் பயன்படுத்தினால் உங்கள் பிளவு முடிவில்லாமல் நகலெடுக்கப்பட்டு வரிசையாக நிற்கிறது. இந்த நகலின் வலது ஓரம், அடுத்த நகலின் இடது ஓரத்தைத் தள்ளுகிறது. ஓரத்தில் தட்டு வேகத்தில் நகரும் பகுதியைச் சேர்த்து நீட்டுங்கள். நீளத்தை இரட்டிப்பாக்கியும் விடை மாறுகிறதா என்று பாருங்கள். 2020-இல் வெளியான சீஸ் ஒப்பீட்டில் நிகழ்வுகளின் இடைவெளி கோடுக்குக் கோடு விலகியதற்கு, கணிப்புப் பரப்பின் அளவும் எல்லை நிபந்தனையும் முக்கியக் காரணங்களாக இருந்தன.

தகைவு ஏறும் நோய்க்கு ஒரு நிமிடச் சோதனை உண்டு. எல்லாக் கட்டத்துக்கும் தட்டு வேகத்தையே கொடுத்து, சறுக்குத் தகைவு மாறும் வீதத்தை அச்சிடுங்கள். சுழியம் வர வேண்டும். வராவிட்டால் ‘வேகம் − தட்டு வேகம்’ என்ற கழித்தல் எங்கோ விடுபட்டிருக்கிறது.

அறிகுறி: மெதுவான நழுவல் நிகழ்வுகள் வருகின்றன, நிஜமா பொய்யா தெரியவில்லை

இயற்கையில் இவை உண்டு. வட கஸ்காடியாவில் சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு, சில சென்டிமீட்டர் நழுவல் நடக்கிறது. ஜிபிஎஸ் கருவிகளில் இது தெரிந்து 2001-இல் வெளியானது. மாதிரியில் தளர்வுப் பகுதியின் அகலம் கருநீளத்தை ஒட்டி இருக்கும்போது, நழுவல் வேகமெடுக்கத் தொடங்கி, நிலநடுக்கமாக மாற இடமில்லாமல் அடங்கும். இது சட்டப்படியான விடை. அகலத்தைச் சற்றே கூட்டினால் வேகமான நிகழ்வாகவும், குறைத்தால் ஊர்தலாகவும் மாற வேண்டும்.

பொய்யானதைப் பிடிக்கத் தணிப்பு எண்ணையே கருவியாக்கலாம். மெதுவான நிகழ்வின் வேகம் நொடிக்கு 0.1 மைக்ரோமீட்டர் என்றால், அலைவழித் தணிப்பின் பங்கு அரை பாஸ்கல்கூட இல்லை. ஆகவே தணிப்பைப் பத்தில் ஒன்றாக்கினாலும் நிகழ்வு அசையக் கூடாது. அசைந்தால், தணிப்பின் மதிப்பு எங்கோ பெரிதாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் அனுமதிக்கும் பிழை வரம்பை நூறு மடங்கு இறுக்கிப் பார்ப்பது இரண்டாவது சோதனை. நிலை மாறியின் பிழையை நேரடியாக அளக்காமல், அதன் மடக்கையில் அளந்து பாருங்கள். அந்த எண் பத்து அடுக்குக்கும் மேல் ஏறி இறங்குவது.

அறிகுறி: ஆய்வகத் தரவோடு ஒட்டவில்லை

எந்த அடிமானத்து மடக்கை என்று பாருங்கள். இயல் மடக்கையில் 0.005 என்பது பத்தடிமான மடக்கையில் 0.0115. கலந்துவிட்டால் எல்லாம் 2.3 மடங்கு தப்பும். அடுத்து, சோதனை இயந்திரத்தின் விறைப்பை மாதிரியில் சேருங்கள். சேர்க்காமல் பொருத்தினால் குணநீளம் செயற்கையாக நீளும். வேகத்தைப் பத்து மடங்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் உராய்வு ஒரே தூரத்தில் நிலைக்கு வந்தால் நழுவல் விதி நன்றாகப் பொருந்தும். மூப்பு விதி இறக்கத்தில் சீக்கிரமே முந்திக்கொள்ளும். பிளவு முழுவதையும் ஓட்டும் முன், ஒரு கட்டை, ஒரு சுருள்வில் மட்டும் உள்ள மாதிரியில் இதைச் சோதியுங்கள். விறைப்பை எல்லை விறைப்பில் பாதியாக வைத்தால் ஒட்டி-வழுக்கும் சுழற்சி வர வேண்டும், சற்று மேலே வைத்தால் சிறு அதிர்வு தேய்ந்து அடங்க வேண்டும். இரண்டும் வராத கோடைப் பெரிய கணினியில் ஏற்றுவது மின்சாரத்துக்குத்தான் கேடு.

அறிகுறி: நிகழ்வுகள் கடிகாரம் போல வருகின்றன

இது பிழையே இல்லை. ஒற்றைப் பரிமாணத்தில், சீரான பண்புகளோடு, கருநீளத்தை விட ஓரளவே பெரிய பிளவு அப்படித்தான் நடக்கும். முதல் சில சுழற்சிகளில் தொடக்க நிலையின் வாசனை இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் அந்த ஒழுங்கை இயற்கையின் மேல் ஏற்றாதீர்கள். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று சராசரி 22 ஆண்டு இடைவெளியில் நிலநடுக்கம் வந்ததால், அடுத்தது 1988-ஐ ஒட்டி வரும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28 அன்று வந்தது.

அறிகுறி: பிளவு உருகிவிடும் அளவு வெப்பம்

நழுவல் முழுக்க உராய்வு 0.6-லேயே நின்றால் இது வரும். சறுக்குத் தகைவு 30 மெகாபாஸ்கல், நழுவல் ஒரு மீட்டர், உரசும் பட்டையின் தடிமன் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் வெப்பநிலை 1100 டிகிரி ஏறுகிறது. நம் அடிப்படை விதி மெதுவான சோதனைகளிலிருந்து பிறந்தது, நொடிக்கு 0.1 மீட்டரைத் தாண்டிய வேகங்களில் பல பாறைகளின் உராய்வு செங்குத்தாகச் சரிகிறது என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின. ஜப்பானில் 2011 தோஹோகு நிலநடுக்கத்துக்குப் பிறகு, நழுவிய பிளவை 2012-இல் கடலடியில் துளைத்து அளந்தபோது மிச்சமிருந்த வெப்ப ஏற்றம் 0.31 டிகிரி மட்டுமே. அதிலிருந்து கணக்கிட்ட உராய்வு 0.08.

ஆகவே பெரிய நழுவல்களை மாதிரியமைப்பவர்கள், நுண்முனைகளின் (பாறை முகங்கள் உண்மையில் தொட்டுக்கொள்ளும் மிகச் சிறு புள்ளிகளின்) கணநேரச் சூட்டால் வரும் தளர்வையோ, சூடான நீரின் அழுத்தம் ஏறுவதால் வரும் தளர்வையோ சேர்க்கத்தான் வேண்டும். சேர்த்த உடனே தகைவு வீழ்ச்சி பெரிதாகும், முறிவு முனையும் சுருங்கும். நுண்முனைச் சூட்டில் தொடங்குங்கள், அதற்கு வெப்பப் பரவல் சமன்பாடு வேண்டியதில்லை. முதல் ஓட்டத்தை 50 மீட்டர் கட்டத்திலேயே ஓட்டி மகிழ்ந்துவிடாமல், 25-இலும் 12.5-இலும் ஓட்டிய பிறகு படத்தை மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.